பதினோரு நாள் ஆறாத கலயம்

தெய்வசிகாமணியின் சாம்பல் பதினோரு நாள் ஆறவில்லை. சுடுகாட்டில் கலயத்தை எடுத்துக் கொடுத்தவன் இரண்டு கோணிப்பையை மடித்துப் பிடித்துக்கொண்டு, "யம்மா, உங்க ஊட்டுக்காரர் இன்னும் கோவமா கீறாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனான். மனைவி சகுந்தலாவுக்கு அதைக் கேட்டு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் ஒரு நாள் குரலை உயர்த்தாத மனிதனுக்குச் செத்த பிறகுதானா ரோஷம் வர வேண்டும்?

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் மூன்று மாடு வைத்திருந்தார். விற்றது போக மிஞ்சினால்தான் வீட்டுக்குப் பால் என்பது அந்தத் தொழிலில் வழக்கம். அவர் தலைகீழாகச் செய்தார்: முதல் சொம்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு, அப்புறம்தான் ஊருக்கு. பால் கேனோடு கேனாக அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்திலும் பிறகு காலேஜிலும் இறக்கிவிட்டார். சகுந்தலா கையை முறித்துக்கொண்ட வருடம் மூன்று மாதம் அவரே மகளுக்குப் பின்னல் போட்டார். மாட்டுக்கயிறு முறுக்குகிற கை, பின்னலும் அப்படித்தான் இருந்தது. மாடு கன்று போட்டால் சீம்பால் தெரு முழுக்கப் போகும், பக்கத்து வீட்டில் ஆட்டோ ஓட்டும் அக்பர் பாஷாவுக்கு முதலில்.

கொட்டகைக்கு எதிரே அடுக்குமாடி எழும்பியபோது, நாற்பத்திரண்டு வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் அவருடைய மூத்த மாடு பாகீரதிதான் போனாள். மஞ்சள் பூசி, கழுத்தில் மாலை போட்டு, லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோவார். நான்காவது மாடியில் கோமளம் வீட்டு ஹாலில் அவள் சாணம் போட்டபோது, மகாலட்சுமியே வந்துவிட்டாள் என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அள்ளித் துடைத்தவர் தெய்வசிகாமணி. மூன்றே வருடத்தில் அந்தச் சாணம் அவர்களுக்கு நாறியது. ஹாலில் போட்டால் லட்சுமி, தெருவில் போட்டால் கொசு. நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தோடு மாநகராட்சிக்கு ஒரு மனு போனது, லாரி வந்து மூன்று மாட்டையும் ஏற்றிப் போனது. மாடுகளை அடைத்த பட்டியின் வாசலில் தெய்வசிகாமணி ஒரு கட்டுப் புல்லோடு ஆறு நாள் நின்றார். மடி கனத்துப் பாகீரதி கத்துவது வெளியே கேட்டது. கறந்துவிட்டாவது போகிறேன் என்று கேட்டுப் பார்த்தார், விடவில்லை. ஏழாம் நாள் வெயிலில் அந்தப் புல்கட்டின் மேலேயே சாய்ந்தார்.

பால் தெளிக்கும் சடங்குக்குப் பாக்கெட் பால் வாங்கி வந்தார்கள். கலயத்தில் ஊற்றியதும் சுர்ரென்று ஆவியாகிப் போனது. பாஷாவின் ஆட்டோவில் பட்டினப்பாக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அந்த இடத்தில் கடல் கொதித்தது. அலை கலயத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் வைத்துவிட்டுப் போனது. மீன்காரப் பெண்கள் வெந்த நெத்திலியைக் கூடையில் அள்ளினார்கள். உப்பு சரியாக இருந்ததாம். சீட் கருகியதைப் பற்றிப் பாஷா ஒரு வார்த்தை பேசவில்லை. "அவரு தன் மாட்டுப் பாலத்தான் கேக்குறாரு யக்கா" என்று மட்டும் சொன்னார்.

சகுந்தலா கலயத்தைக் கோணியோடு தூக்கிக்கொண்டு நேராக அடுக்குமாடிக்குள் நடந்து, கீழ்த்தள ஹாலின் நட்டநடுவே கிரானைட் தரையில் வைத்தாள். சங்கச் செயலாளர் குருபிரசாத், கோமளத்தின் மகன், ஓடி வந்தார்.

"ஆன்ட்டி, இது காமன் ஏரியா. இங்கெல்லாம் வைக்கக் கூடாது."

"நாப்பத்திரண்டு ஊட்டுக்குள்ளயும் என் மாடு வந்துச்சே, அப்போ அது இன்னா ஏரியா? பாகீரதி வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். முடிஞ்சா தூக்கிப் பாரு நைனா."

தூக்கிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்தன. அன்று மாலை கிரானைட் விரிசல் விட்டது. மறுநாள் மாடித் தொட்டித் தண்ணீர் கொதித்தது. அதற்கு மறுநாள் முதல் எல்லா வீட்டிலும் பால் திரிந்துபோய்க் காபி நின்றது. ஒரு மனிதன் வெயிலில் விழுந்து செத்தபோது அசையாத கூட்டம் காபிக்கு அசைந்தது. கோமளம் லிஃப்டில் இறங்கி வந்து கலயத்துக்கு எதிரே நின்றார்.

"முதல் கையெழுத்து நான்தாம்மா போட்டேன். எங்காத்து ஹாலை அவர் கையால தொடைச்சது நன்னா ஞாபகம் இருந்தது. இருந்துண்டேதான் போட்டேன்."

பரவாயில்லை என்று சொல்லச் சகுந்தலாவுக்கு வாய் வரவில்லை. வரவும் வேண்டாம் என்று நினைத்தாள். அன்றே இரண்டாவது மனு போனது, அதே நாற்பத்திரண்டு கையெழுத்தோடு. பதினோராம் நாள் காலை லாரி மூன்று மாட்டையும் கொண்டுவந்து இறக்கியது.

இத்தனை நாள் கறக்காத மடி வற்றியிருக்கும் என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். வற்றவில்லை. பாகீரதியை அந்த ஹாலிலேயே நிறுத்திக் கறந்து, நுரை அடங்குமுன் சகுந்தலா கலயத்தில் ஊற்றினாள். இந்த முறை பால் ஆவியாகவில்லை. கலயத்தைத் தொட்டுப் பார்த்தாள், பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சாயங்காலம் பட்டினப்பாக்கத்தில் கடல் அவரைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது.

மறுநாள் முதல் சகுந்தலா கறக்கும் பால் கறக்கும்போதே கொதித்து வருகிறது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, மாட்டுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவளிடம்தான் பால் வாங்குகிறார்கள். அடுப்பில் வைக்கும் வேலை மிச்சம் என்கிறார்கள். பாத்திரத்தைத் துணி சுற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். கோமளம் மட்டும் துணி கொண்டுவருவதில்லை. வெறும் கையால் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார். சகுந்தலாவும் அவசரப்படாமல், விளிம்பு வரை ஊற்றுகிறாள்.