மூன்று லாக் ஃபைலும் ஒரு சந்தனப் பொட்டும்

வெள்ளிக்கிழமை வந்தாலே எங்கள் எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் எடைமேடை படுத்துவிடும். பழி மட்டும் என் தலையில். எடை போடும் புரோகிராமை எழுதியவள் நான்தானே!

அன்றும் படுத்தது. லாரிகள் மெயின் ரோடு வரை நின்றன. மேனேஜர் ஜெயவேல் வந்தார்.

"சங்கமித்ரா, சாயங்காலத்துக்குள்ள சரியாவல, உன் புரோகிராமத் தூக்கிட்டு, நம்பர் பிளேட் கேமரா வெச்ச கம்பெனிக்காரங்களோடதையே போட்டுடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலையில்ல."

நான் லாக் ஃபைலைத் திறந்தேன்.

எடை, கேட், நம்பர் பிளேட் கேமரா மூன்று புரோகிராமும் விண்டோஸ் சர்வீஸாகப் பின்னணியில் ஓடுபவை. திரையில் முகம் காட்டாதவை. என்ன நடந்தது என்று அவை வரிவரியாக எழுதிவைக்கும் லாக் ஃபைலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேமராக்காரர்களோ மூன்றையும் ஒரே ஃபைலில் எழுதும்படி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எந்த வரி யாருடையது என்ற அடையாளமும் கிடையாது; ஒன்றின் வரி மேல் இன்னொன்றின் வரி ஏறிப் பாதி அழிந்தும் போகும். காசிமேட்டு மீன் ஏலம் மாதிரி எல்லாரும் ஒன்றாகக் கத்தினால் யார் குரலென்று எப்படித் தெரியும்? கடைசி வரி மட்டும் 'எடை வரவில்லை' என்றது. எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

பொறுத்தது போதும் என்று சர்வீஸ் செட்டிங்கைத் திறந்தேன். எடைக்கு ஒரு ஃபைல், கேட்டுக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்து, மூன்றையும் நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன்.

"கோதண்டண்ணே, லாரிய வுடுங்க!"

கேட்டில் நிற்கும் கோதண்டம் விசிலடித்தார். முதல் லாரி ஏறி இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவது ஏறியதும் எல்லாம் நின்றது. பாய்ந்து ஃபைல்களைத் திறந்தேன். 'எடை வரவில்லை' என்றது கேட். 'வண்டி நம்பர் வரவில்லை' என்றது என் எடை. கேமராவோ 'நம்பரைப் படிக்க முடியவில்லை' என்று எழுதிவிட்டு அதோடு செத்துக் கிடந்தது.

அடப்பாவி, நீதானா!

மேடைக்கு ஓடினேன். லாரியின் நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனம், நடுநடுவே குங்குமம்.

"இன்னாம்மா அப்டிப் பாக்குற? வெள்ளிக்கெயமன்னா பூஜ போட்டு, பொட்டு வெச்சிகினுதானே வண்டிய எடுப்பாங்க" என்றார் கோதண்டம்.

ஜெயவேலின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினேன். மூன்று ஃபைலையும் இரண்டு தடவை படித்தார்.

"இந்தக் கேமராக்காரங்களோடதையா சார் எடைக்கும் போடப் போறீங்க?"

அவர் போனை எடுத்துக் கேமரா கம்பெனியைக் கூப்பிட்டார். "அலோ, உங்க கேமரா பொட்டு வெச்ச வண்டியப் பாத்தா மயங்கி வுழுது. மொதல்ல அத வந்து தூக்குங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ போய் உன் சீட்ல உக்காரும்மா. லாரி நிக்குது."