பந்திக்கு முப்பது ஜிபி

காலமாகிப்போன ஒருவர் எழும்பி நடந்து, சிரித்து, உங்களைப் பார்த்துக் கை காட்டுவதற்கு என் கடையில் வீடியோக் கசெற் ஒன்றுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய். நாடாவைக் கணினிக்கு ஏற்றுகிற கூலி அது; பூஞ்சணம் பிடித்திருந்தால் துடைக்கிற கூலி புறம்பு. கிளிநொச்சியில் இதைவிடக் குறைவாக யாரும் செய்வதில்லை. செய்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் இதை நீங்கள் நம்பலாம்.

இரஞ்சிதம் அக்கா அதை ஆயிரத்துக்கு இறக்கினார். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கிறவர், வயது எழுபதை நெருங்கும். ஏழு கசெற்றுகளை யூரியாப் பையொன்றில் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, கதிரையில் இருக்காமலே விலை பேசினார். நான் வவுனியாச் சந்தையில் ஏலக்காய் நிறுத்துக் கொடுத்து வளர்ந்தவன். தராசில் விரல் வைத்து விற்கவும் தெரியும், வைக்காமல் விற்கவும் தெரியும். அவரிடம் இரண்டும் எடுபடவில்லை.

கசெற்றுகள் பாரிசிலிருந்து வந்தவை. சமாதான காலத்தில், பாதை திறந்திருந்தபோது, இங்கே நடந்த கலியாணங்களையும், பிள்ளைகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடுகளையும் எடுத்து அங்கேயிருந்த சித்தப்பாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கே வைத்திருந்தவை எல்லாம் பிறகு வீட்டோடு போய்விட்டன. சித்தப்பாவின் மகன் போன மாதம் வீடு மாறும்போது, குப்பையில் போட மனமில்லாமல், திருப்பி அனுப்பியிருக்கிறான்.

அக்காவுக்கு வேண்டியது தங்கை சுமித்திரா. முள்ளிவாய்க்காலில் சுமித்திரா போனபோது மகள் பிரியந்தினிக்கு இரண்டு வயது. அக்காதான் வளர்த்தெடுத்தவர். அந்தப் பிள்ளை இப்போது பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போகிறாள். தாயின் முகம் அவளிடம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், முத்திரையளவு. குரல் இல்லை. போகும்போது அந்தக் குரலையும் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் எண்ணம்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்டார். கசெற்றில் நூற்றெண்பது என்று போட்டிருந்தது. நூற்றெண்பது நிமிடம் என்றால் மூன்று மணித்தியாலம். ஏழு மூன்று இருபத்தொன்று. மணித்தியாலத்துக்கு இரண்டு ஜிபி வைத்தால் நாற்பத்திரண்டு. அறுபத்துநாலு ஜிபி பென்ட்ரைவ் ஒன்று தாராளம் என்றேன். வெளியே அறுபத்துநாலு என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஐம்பத்தொன்பதுதான் கொள்ளும். சில கடைகளின் அரிசிப் பையைப் போல. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

முதல் கசெற் மூன்று மணித்தியாலத்தில் நிற்கவில்லை. பொம்பிளை தாலி வாங்கி, அழுது முடித்து, காரில் ஏறிப் போனபிறகு, அந்தத் தூசி அடங்க முதலே இன்னொரு வீட்டில் சாமத்தியச் சடங்கு தொடங்கியது. பொருளாதாரத் தடைக் காலத்தில் கசெற் கிடைக்காமல், வன்னி வீடியோக்காரர்கள் நாடாவை மெதுவாக ஓடவிட்டு ஒன்றுக்குள் இரண்டை அடக்கியிருக்கிறார்கள். தடை எடுபட்ட பிறகும் பழக்கம் எடுபடவில்லை. கசெற்றின் மேலே முதலாவது கொண்டாட்டத்தின் பெயர் மட்டும். தடைக்கு வெளியே, வவுனியாவில் வளர்ந்த நான், மேலே எழுதியிருந்ததை நம்பி ஏமாந்தேன். ஏழு கசெற்றிலும் பதினாலு கொண்டாட்டம். நாற்பத்திரண்டு மணித்தியாலம், எண்பத்துநாலு ஜிபி.

வியாபாரி கையைப் பிசைந்துகொண்டு இருப்பதில்லை. எதைக் கழிக்கலாம் என்று பார்த்தேன். அந்தக் காலத்து வீடியோக்காரர்களுக்குப் பந்தி என்றால் உயிர். ஆர் ஆர் வந்தார்கள் என்று வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்க வேண்டுமாம். ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு, ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்கு, ஒருவரையும் விடாமல் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். பதினைந்து மணித்தியாலம் சனம் சாப்பிடுகிறது. ஒரே வெட்டில் முப்பது ஜிபி மிச்சம். எண்பத்துநாலு ஐம்பத்துநாலாக இறங்கியது. ஐம்பத்தொன்பதுக்குள் அடங்கிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து, நின்றபடியே திரையைப் பார்த்தார். நான் ஓடவிட்டு, தாலி கட்டைக் காட்டினேன். கும்பிடு வாங்குகிறதைக் காட்டினேன். அடுத்த கலியாணம் தொடங்கியது.

"தம்பி, பந்தி எங்க?"

"வெட்டிப்போட்டன் அக்கா. ஆக்கள் சாப்பிடுறதை ஆர் இருந்து பாக்கிறது?"

அப்போதுதான் கதிரையில் இருந்தார்.

"அவள் அங்கதானடா நிண்டவள்."

கணினியில் முழுதும் இருந்தபடியால் தப்பினேன். முதல் கலியாணத்தின் பந்தியைத் திரும்ப எடுத்து ஓடவிட்டேன். வாழையிலைகள், தோள்கள், ஒரு சாம்பார் வாளி. வாளியைப் பிடித்த கையில் இரண்டு பச்சைக் கண்ணாடிக் காப்பு. முகம் இல்லை, படக்காரன் இலைகளையும் வாய்களையும் தவிர வேறொன்றும் எடுக்கவில்லை. ஆனால் குரல் இருந்தது.

"மாப்பிள்ளை பகுதி ஆக்களோ? வடிவாச் சாப்பிடுங்கோ, எங்கட காசுதான்."

இலைகளுக்குப் பின்னாலிருந்த சனமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அந்த வாளி தன்னுடையது என்றும், கொண்டுபோனவள் திருப்பித் தரவேயில்லை என்றும் சொன்னார்.

பிறகு ஒவ்வொரு பந்தியாக இருந்து பார்த்தோம். எந்தக் கொண்டாட்டத்திலும் சுமித்திரா முன்னுக்கு வரவில்லை. ஒன்றில் சோறு, ஒன்றில் பாயாசம், ஒன்றில் மோர். போதும் என்று இலையை மறைத்த ஒரு கிழவரின் விரல்களுக்கு மேலேயே ஊற்றினாள். ஒரு சாமத்திய வீட்டில் மட்டும் படக்காரன், இஞ்ச பாருங்கோ, என்று அவளைக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை, பின்னுக்குக் கையை நீட்டிக் கமராவைப் பொத்தினாள். திரை முழுக்க ஓர் உள்ளங்கை, பருப்பு மஞ்சளோடு. அக்கா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். கனநேரம் நிறுத்தி வைத்திருந்தேன். கடைக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வந்த வேறொருவரைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நூற்றிருபத்தெட்டு ஜிபி ஒன்று இருக்கிறது, எல்லாமே அடங்கும், அடக்க விலைக்கே தருகிறேன் என்றேன். நான் அடக்க விலை என்று சொல்லி, அது உண்மையிலேயே அடக்க விலையாக இருந்தது அன்றைக்குத்தான்.

"வேண்டாம்," என்றார் அக்கா. "எல்லாத்தையும் போட்டுக் குடுத்தா அவள் தாயை எங்க போய்த் தேடுவாள்? மற்றதுகளை வெட்டு."

வெட்டினேன். ஐயர்மார், மேளகாரர், ஆராத்தித் தட்டுகள், மாலையோடு நின்ற பொம்பிளை மாப்பிள்ளை எல்லோரையும் எடுத்தெறிந்தேன். ஒன்பது சோடிகள் தாலி கட்டாமலே பந்திக்கு வந்தார்கள். இருபது வருடத்துக்கு முந்தி விழுந்தடித்துச் செலவழித்த தகப்பன்மார் யாராவது இதைப் பார்த்தால் என்னைக் கடையோடு கொளுத்துவார்கள். அக்கா பக்கத்தில் இருந்து, இதையும் எறி, உதையும் எறி, என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடைய மூத்த மகனின் கலியாணம் வந்தபோது கொஞ்சம் யோசித்தார். பிறகு அதையும் எறியச் சொன்னார்; அவனிடம் ஆல்பம் தப்பி இருக்கிறதாம்.

பேசினபடி ஏழாயிரத்தை எண்ணித் தந்தார். ஒரு கசெற்றுக்குள் இரண்டு ஓடியதற்கு நான் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஞாயிறு காலை பஸ் வெளிக்கிட முதல் பிள்ளையின் கையில் கொடுப்பதாகச் சொல்லி, பென்ட்ரைவைச் சீலைத் தலைப்பில் முடிந்தார்.

இடம் ஐம்பத்தொன்பது. சோறு, சாம்பார், பாயாசம், மோர் எல்லாம் சேர்த்துப் பந்தி முப்பது. உள்ளங்கை அதற்குள் அடக்கம். மிச்சம் இருபத்தொன்பதிலும் கலியாணம் ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். அதைச் சும்மா விடட்டாம், பிள்ளை தன்னுடையதை எடுத்துப் போடுவாளாம். பந்தி முப்பது, வெறும் இடம் இருபத்தொன்பது. கூட்டிப் பார்த்தேன். சரி.