தெர்வியே மகளின் இடக்கை

மறுநாள் கண்காட்சி திறக்க இருந்தது. ஓவியர்கள் ஏணியில் ஏறித் தங்கள் படங்களுக்குக் கடைசியாக வார்னிஷ் பூசும் நாள் அது. பாரிஸில் நாலு பேருக்குத் தெரிந்த குடும்பமெல்லாம் அன்றே மண்டபத்துக்கு வந்துவிடும். ஓய்வுபெற்ற நீதிபதி தெர்வியேயும் மகள் அதெலாயிதுடன் வந்திருந்தார். ஓவியர் லெகாம்ப் அவளை வரைந்த படம் சுவரில் சற்று உயரத்தில் தொங்கியது; லெகாம்ப் ஏணியில் நின்று அதற்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார்.

முகம் அவளேதான். கறுப்புப் பட்டின் மடிப்புகளைத் தொட்டே பார்க்கலாம் போலிருந்தது. கிழவரின் பார்வை மடிக்கு இறங்கியது. அங்கே இரண்டு கைகள், வெண்ணெயில் பிடித்து வைத்தவை போல வழவழவென்று கிடந்தன.

அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதெலாயிதின் இடக்கை அப்படி இராது. வீடு தீப்பிடித்த அன்று, எரிந்து விழுந்த கதவைத் தூக்கி அவரை வெளியே இழுத்த கை அது. தோல் சுருங்கி, விரல்கள் ஒட்டிப்போன கை.

"என்னய்யா இது, யார் கை?"

லெகாம்ப் ஏணியிலிருந்து இறங்காமலே சிரித்தார். சீமாட்டிகள் முகத்துக்கு மட்டும்தான் வந்து உட்காருவார்கள், கைக்கு மார்கோ என்று ஒரு கூலிக்காரப் பெண் இருக்கிறாள், பாதி ஓவியர்கள் அவளை வைத்துத்தான் வரைகிறார்கள் என்றார். தெர்வியே பக்கத்துப் படத்தைப் பார்த்தார். வங்கிக்காரர் மனைவியின் மடியிலும் அதே கை, அதே சுண்டுவிரல் வளைவு.

"ஊர்ல இருக்கிற கையெல்லாம் என் மகளுக்கு ஒட்டுவீரோ? அவ கை இல்லேன்னா உம்மகிட்ட கத்த நான் இருந்திருக்க மாட்டேன். அழிச்சிட்டு ஒழுங்கா வரையும்."

"உங்க மானத்தை நினைச்சுத்தான் செஞ்சேன், முசியே."

"என் மானத்தை நான் பாத்துக்கறேன்."

லெகாம்பின் முகம் சிவந்தது. பார்க்காமல் வரைய முடியாது, இத்தனை பேர் முன்னால் மகள் கையுறையைக் கழற்றுவாளா என்று கேட்டார். அதோடு கிழவர் வாயடைத்துப்போவார் என்று நினைத்திருக்க வேண்டும்.

அதெலாயித் தந்தையிடம் மணிக்கட்டை நீட்டினாள்.

"பொத்தானைக் கழட்டிவிடுங்கப்பா. இதைப் போட்டுப் போட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

அவர் குனிந்து ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றி உறையை உருவினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு சீமாட்டி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவளை முறைத்தபடியே தெர்வியே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வெளிச்சத்துல வைம்மா."

லெகாம்ப் ஏணியில் நின்றபடி சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தியை எடுத்து, படத்திலிருந்த மார்கோவின் கையைச் சுரண்டத் தொடங்கினார்.