எண்ணெய் பட்ட வழி

அச்சடித்தபடிதான் சாலை இருக்கும் என்பதால், எங்கள் தெருவில் யார் வெளியூர் கிளம்பினாலும் முதலில் முக்கு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வழிப்படம் எடுத்துக்கொள்வார்கள். படத்தில் பாலம் விட்டுப்போயிருந்தால் ஆற்றிலும் பாலம் இருக்காது. மை மங்கலாக விழுந்தால் வழி நெடுக மூடுபனி. இதற்கெல்லாம் யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

எதிர்வீட்டுச் சுருளிவேல் அலட்டிக்கொள்வார். ஆனால் புதுத்தாள் மட்டும் கேட்க மாட்டார். ஒரு பக்கம் அடித்து வீணான தாளாகப் பொறுக்கி எடுத்து நீட்டுவார்.

"பின்பக்கம் வேற யாரோ ஊருக்குப் போற வழி இருக்கு சார்," என்றார் கடைக்காரர்.

"இருந்துட்டுப் போகட்டும். நான் முன்பக்கமாத்தானே போகப்போறேன்?"

பதிலில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அடித்துக் கொடுத்துவிட்டார்.

பயணம் ஒத்தவீட்டு அய்யனார் கோயிலுக்கு. தங்கை செல்வமீனாவின் சின்னவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மூத்தவனுக்குக் குத்தியபோது, கடையில் மை தீர்ந்து பாதி வழிதான் விழுந்திருந்தது. சுருளிவேல் சாலை முடிந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு, வெள்ளையைப் பார்த்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். அங்கே மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் மடி கொடுத்தார். மூத்தவனுக்கு இடது காதுத் துளை கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அதற்கும் செல்வமீனா அண்ணனைத்தான் சொல்வாள். நேரில் சொல்லமாட்டாள். பேசினால்தானே.

இந்தத் தடவை அவளே போன் செய்தாள். "நீ வரலைன்னா, எனக்குக் கூடப்பிறந்தவங்களே இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

சுருளிவேலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக உட்கார்ந்தார். எங்கே டீ குடிப்பது, எங்கே மனைவி பஞ்சவர்ணம் கழிவறை கேட்பாள், எந்த வளைவில் மகள் கயல் வாந்தி எடுப்பாள், எல்லாவற்றையும் குறித்தார். "இந்த வளைவு வேணாம்ப்பா, அடுத்த வளைவுல எடுக்கறேனே," என்று கயல் கெஞ்சினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

கிளம்பினார்கள். குறித்த கடையில் டீ குடித்தார்கள். சுருளிவேல் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தால், பஞ்சவர்ணம் உளுந்த வடையைப் படத்தில் வைத்துப் பொத்திப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"அடிப்பாவி!"

"என்னங்க? ஒரே எண்ணெய். உங்க மேப்பு நல்லா இழுக்குது."

படத்தில் பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. பின்பக்கத்து வழி முன்பக்கம் தெரிந்தது.

காரை எடுத்துக் கொஞ்ச தூரம் போனதும் தாரும் கண்ணாடியாகிவிட்டது. சாலைக்கு அடியில் இன்னொரு சாலை ஓடிற்று. அதில் இன்னொரு கார், தலைகீழாக. அவர்கள் டயரும் இவர்கள் டயரும் ஒட்டிக்கொண்டு உருண்டன. இவர் வேகமெடுத்தால் அவர்களும் வேகமெடுத்தார்கள். பிரேக் போட்டால் அங்கேயும் யாரோ திட்டுவது கேட்டது. ஊர்ப் பலகைகளில் எழுத்து இடவலமாக மாறி நின்றது.

"செங்குளம்னு போட்டிருக்குப்பா," என்றாள் கயல். அவளுக்கு அந்த எழுத்து சரளமாக வந்தது.

"அது நம்ம ஊரில்ல. படிக்காத."

"படிக்காம இருந்தா மட்டும் ஒத்தவீடுன்னு மாறிடுமா?" என்றாள் பஞ்சவர்ணம், வடையைக் கடித்தபடி.

சுங்கச்சாவடி வந்தது. காக்கிச்சட்டைக்காரர் தாளை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"ரெண்டு பக்கமும் ஊர் தெரியுதே. நீங்க எந்தப் பக்கத்துக் குடும்பம்?"

"முன்பக்கம் சார்."

"எது முன்பக்கம்?"

சுருளிவேல் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"ஓரமா நில்லுங்க. கீழே இருக்கவரும் மேல வரட்டும்."

கீழ்க் காரிலிருந்து ஒருவர் சாவடித் தூணைப் பிடித்து ஏறி வந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பேர் நல்லதம்பி என்றார்.

"எங்க போறீங்க?" என்றார் சுருளிவேல்.

"செங்குளம். தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன்."

"நானும்தான். ஒத்தவீட்டுல."

"உங்க தங்கச்சி எப்படி?"

"கோவக்காரி."

"எங்க வாசுகி அழுவா. விடாம அழுவா."

"அழுதா சமாளிச்சிரலாங்க."

"கோவத்தையும் சமாளிக்கலாம். நமக்குப் பேசாம இருக்கத் தெரியணும்."

சுருளிவேலுக்கு அது தெரியாது என்பதைத் தெருவே சொல்லும். காக்கிச்சட்டைக்காரருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளைப் புரட்டி நீட்டிவிட்டுக் குறுக்குக் கட்டையைத் தூக்கினார். நல்லதம்பியின் கார் மேலே வந்தது. இவர்கள் கார் கீழே போனது.

"சார், என் தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா!"

"எல்லாருக்கும் தங்கச்சி காத்துக்கிட்டுத்தான் இருக்கு. வண்டிய எடுங்க, பின்னால ஆரன் அடிக்கறாங்க."

தலைகீழாக ஓட்டுவதில் சிரமம் ஒன்றுமில்லை. சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனா மட்டும் நழுவி வானத்தில் விழுந்தது. சுருளிவேல் வண்டியைத் திருப்பப் பார்த்தார். திரும்புவதற்குத் தாளில் இடமில்லை. நேராகப் போனார். நேராகப் போனால் செங்குளம்தான் வந்தது.

கோயில் வாசலில் ஒரு பெண் அழுதுகொண்டு நின்றாள். இவரைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியாண்ணே! இந்தப் பக்கமே பாத்துக்கிட்டு நின்னேன்."

"நான் உங்க அண்ணன் இல்லம்மா."

"கோவமா இருந்தா பிறகு திட்டுண்ணே. ஆசாரி கிளம்பறேங்கறாரு."

பஞ்சவர்ணம் அதற்குள் சீர்த்தட்டை இறக்கிவிட்டாள். "அழாத வாசுகி, உங்க அண்ணன் என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு?" என்று தோளில் தட்டிக்கொடுத்தாள். பேரெல்லாம் இவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

போன் அடித்தது. செல்வமீனா. சிரித்தாள். சுருளிவேல் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

"நல்லபடியா முடிஞ்சுதுண்ணே. ரெண்டு காதும் ஒண்ணுபோல விழுந்திருக்கு. வந்ததுலருந்து ஒரு வார்த்தை குத்திப் பேசலியே நீ. இவருகூட ஆச்சரியப்பட்டாரு."

"மீனா... அங்க வந்தது நானில்ல."

"தெரியும்ணே," என்றாள் அவள். "வையி. பந்திக்குக் கூப்பிடுறாங்க."

சுருளிவேல் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். மறுமுனையில் இலை போடும் சத்தமும், யாரோ "மாமாவுக்கு முதல்ல வைங்க" என்பதும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"நின்னுக்கிட்டே இருந்தா எப்படிங்க? மூஞ்சியத் தொங்கப் போடாம உக்காருங்க," என்றாள் பஞ்சவர்ணம்.

மணைப்பலகையில் உட்கார்ந்தார். வாசுகி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலை. அது இவரை அண்ணாந்து பார்த்தது. இவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டது.

ஆசாரி ஊசியை எடுத்தார். "மாமா, தலைய அசையாமப் பிடிங்க."

பிடித்தார். குழந்தை வீறிட்டது. வாசுகி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"அவ்வளவுதாண்டா, அவ்வளவுதான், மாமா இருக்கேன்ல," என்றார் சுருளிவேல். சொன்னது தன் குரல்தானா என்று ஒரு கணம் சுற்றிப் பார்த்தார். பிறகு அடுத்த காதுக்காகப் பிள்ளையைத் திருப்பிப் பிடித்தார்.