பூச்சிச் சத்தம்

அன்றைக்குத் தூறல் இருந்ததா, முந்தின நாள் மழையில் இலைகள்தான் சொட்டிக்கொண்டிருந்தனவா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. மற்றதெல்லாம் இப்படித்தான் நடந்தது என்று நம்புகிறேன்.

பறவை பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போகும் அந்த வழிகாட்டிக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. இந்த வேலையில் கண் இரண்டாம்பட்சம். அடர்ந்த இலைக்குள் இருக்கிற குருவியைக் காதுதான் முதலில் பிடிக்கும். அவருக்கோ இரண்டு வருஷமாக மெல்லிய கீச்சுக் குரல்கள் கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும். தெரிந்தவன் ஒருவன்தான், ஜீப் ஓட்டும் மைத்துனன். குரல் வந்த பக்கத்துத் தோளைப் பின்னாலிருந்து மெல்லத் தட்டுவான்.

"என் காதை உங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன் மாமா," என்பான்.

"வாயையும் சேர்த்து விட்டுட்டா நிம்மதிடா."

அந்த வாரம் ஒரு பல் டாக்டரம்மா வந்திருந்தார். அந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு கட்டைவிரலளவுக் குருவிக்காக ஏழு வருஷம் லீவு சேர்த்து வந்தவர். மூன்று நாளும் குருவி கிடைக்கவில்லை. கடைசி நாள் காலை, விடுதியின் சாப்பாட்டு அறையில் அவர் மைத்துனனிடம் குருவியைப் பற்றி ஏதோ கேட்க, விஷயம் வெளியே வந்துவிடுமோ என்று வழிகாட்டி முந்திக்கொண்டார்.

"அவன்கிட்டயா கேக்கறீங்க? காக்காய்க்கும் கோழிக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. ஸ்டியரிங் பிடிக்கத்தான் லாயக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். மைத்துனன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

காட்டுக்குள் அவன் பத்தடி பின்தங்கியே வந்தான். வழிகாட்டி இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். ஓடையோரம், மூங்கில் புதரருகே டாக்டர் சட்டென்று நின்றார்.

"கேக்குதா? ஊசி மாதிரி. அதுதானே?"

வழிகாட்டிக்கு ஓடை மட்டும்தான் கேட்டது. தோளில் ஒரு தட்டலுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஆமாம் என்று சொன்னால் எங்கே என்று காட்ட வேண்டும்.

"அது பூச்சிங்க," என்றார். "மழை விட்டா இப்படித்தான் கத்தும்."

டாக்டர் தூக்கிய பைனாகுலரைத் தாழ்த்தினார். "பல்லைத் துளைக்கிற மெஷின் என் காதைக் கெடுத்துடுச்சு போல," என்றார். சொன்னது வழிகாட்டி என்பதால் டாக்டர் சந்தேகப்படவில்லை.  மூன்று பேரும் மேலே நடந்தார்கள்.

டாக்டரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மைத்துனன் சொன்னான்.

"குருவிதான் மாமா. ரெண்டு இருந்துச்சு."

"தட்டியிருக்கலாமேடா."

"தட்டியிருக்கலாம்."



டாக்டர் மறுபடி வரவில்லை. அருமையான வழிகாட்டி என்று விடுதிக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதைப் படித்த மாதமே வழிகாட்டி காட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். இப்போது அதே விடுதியில் அறைச் சாவி கொடுக்கிறார். மைத்துனன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான். அக்காவைப் பார்க்க வருவான், மாமா வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து.