எடை மேடையில் பட்டுப்பாவாடை

1

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம். இக்கதை 1996-ஆம் ஆண்டில், பாளையங்கோட்டை செல்லும் நகரப் பேருந்தில் எனக்குக் கிடைத்தது. முன்னிருக்கையில் ஒருவர், "ஒரு பிள்ளை குண்டாகாம இருக்கதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் வே?" என்று அடுத்தவரிடம் கேட்டார். பதில் வருமுன் இருவரும் இறங்கிவிட்டனர். பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை; ஆகவே கதை எழுதுகிறேன். முதல் முயற்சி, பொறுத்தருள்க.

2

தாமிரபரணியில் அன்று மாலை—

(கைவிட்டேன். ஆற்றில் தொடங்காதவர் இவ்வூரில் யார்?)

ஒரு பெண்கள் பள்ளியில், பிள்ளைகள் பருமனாவதைத் தடுக்க, மாலை விளையாட்டு வகுப்பு தொடங்கினார்கள். பிரம்மநாயகி என்னும் ஆசிரியையைப் பகுதிநேரமாக அமர்த்தினார்கள். ஏழாம் வகுப்பு மதுமதியைத் தோழிகள் 'பூசணிக்கா' என்பார்கள். அவள் அங்கே வளையப்பந்து ஆடினாள். அந்தி வெளிச்சத்தில் வலைக்கு மேலே ரப்பர் வளையம் மிதந்து வரும். கைக்கு வந்து சேரும்வரை அவளுக்கு உடம்பே இல்லை. (இவ்வாக்கியத்தை அடித்துவிட்டு, மனம் கேளாமல் மறுபடி எழுதினேன்.)

3

பள்ளிச் செயலர் மகேஸ்வரனை முதல் வரைவில் கொடியவராக்கியிருந்தேன். அது அநியாயம். அவர் ஆசிரியையிடம் சொன்னது இவ்வளவே:

"வருசக் கடைசியில எடை பாப்போம் டீச்சர். பலன் இல்லைன்னா இந்த வகுப்புக்கு ஆகுத பணத்துல ஒண்ணாங்கிளாஸ் கூரையை மாத்திருதேன். மழையில சின்னப் பிள்ளைய நனையுதுல்லா?"

4

அரிசிக்கடை ஹபீப் முகம்மது தமது எடை மேடையை இரவல் தந்தார். "பைய ஏறுங்க தாயீ, இது மூட்டைக்குப் பழகுனது."

வகுப்பு தொடங்கியபோது, முதல்முறை சொல்லாமல் எடை பார்த்தார்கள். இம்முறை நாள் குறித்து அறிவித்துவிட்டார்கள், பிழை அங்கேதான். மதுமதியின் தாய் நீலாம்பாள் அறிந்த எடை, கோயில் துலாபாரம் ஒன்றே. எண்ணெய்க் குளியல், வயிறு முட்ட இட்லி, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு. மற்றத் தாய்மாரும் அவ்வண்ணமே செய்திருந்தனர்.

"என்னக்கா, கல்யாண வீட்டுக்கா வந்திய?" என்றார் பிரம்மநாயகி.

"நிறுக்கப் போற பிள்ளை வெறும் வயித்தோட வருவாளா? எடை குறைஞ்சா, பெத்தவ சோறு போடலைன்னுல்லா பேசுவாவ!"

மதுமதியின் எடை கூடியிருந்தது. கொலுசைக் கழற்றிய பின்னும் கூடியிருந்தது.

"வளருத பிள்ளை, கூடத்தான் செய்யும் சார். ஆடாம இருந்திருந்தா எவ்வளவு கூடியிருப்பாள்னு பாக்கணும்" என்றார் பிரம்மநாயகி, செயலரிடம்.

"அந்த மதுமதியை எங்க போய் நிறுக்கது டீச்சர்?"

ஆடாமலே இருந்த அந்த மதுமதியை நான் கண்டேன். ஆளில்லாத வகுப்பறையில், மாலை வெயில் முழங்காலில் படிய, தனியே அமர்ந்திருந்தாள். அவளைத் தூக்கிவந்து மேடையில் நிறுத்த என் எழுத்துக்கு வலுவில்லை. தடுக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்கதையில் நான் எழுதாமல் விட்ட மோசமான வாக்கியங்களுக்காகத் தாங்கள் என்னைப் பாராட்டப் போகிறீர்களா?

5

முடிவு அ: வகுப்பு தொடர்கிறது. மழையில் ஒன்றாம் வகுப்பு நனைகிறது.

முடிவு ஆ: கூரை மாறுகிறது. அலமாரிக்குள் வளையம்—

இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் ஏதோ ஒரு பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தது.

ஆகவே மதுமதி மேடையிலேயே நிற்கிறாள். தராசின் தண்டு மெல்ல ஆடுகிறது.

"டீச்சர், சாயந்தரம் ஆட்டம் உண்டுல்லா?"

ஆசிரியை செயலரைப் பார்க்கிறார். செயலர் என்னைப் பார்க்கிறார். நான், மிகுந்த பணிவுடன், தங்களைப் பார்க்கிறேன். மேற்கே கோடை மழை இருட்டிக்கொண்டு வருகிறது. அவள் இன்னும் இறங்கவில்லை.