பிரஷ் கழுவும் இடம்

ஊருக்கெல்லாம் வீடு காட்டும் தரகர் சித்திக்கு, பள்ளி முடித்த அக்கா மகளுக்கு ஒரு ஓவியக் கல்லூரி பார்ப்பது என்ன பெரிய வித்தையா? கிளம்பிவிட்டாள்.

முதல் கல்லூரியில் கண்ணாடிச் சுவர். முகம் பார்த்துப் பவுடர் போடலாம் போலத் தரை. சித்தி வாயைப் பிளந்தாள். விடுதி, வேலைவாய்ப்பு என்று துருவித் துருவி விசாரித்தாள். அக்கா மகள் கேட்டது ஒரே கேள்விதான்: "பிரஷ் கழுவுற இடம் எங்கே இருக்கு?"

காட்டினார்கள். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "போலாம் சித்தி" என்றாள்.

"அரண்மனை மாதிரி இருக்கு, அதுக்கு மூஞ்சிய இப்படி வச்சுக்கிறியே!" வழி நெடுக சித்தி பொரிந்து தள்ளினாள்.

இரண்டாவது கல்லூரியில் மாடிப்படியே ஆட்டம் கண்டிருந்தது. சித்தி முகத்தைச் சுளித்தாள். அங்கும் அதே கேள்வி. இந்த முறை சித்தியும் பின்னாலேயே போனாள். தொட்டி முழுக்க நீலமும் சிவப்பும் காய்ந்து அப்பியிருந்தன, குழாய்கூடப் பச்சை. இரண்டு பேர் கழுவிக்கொண்டிருக்க, மூன்று பேர் பிரஷ்ஷோடு காத்திருந்தார்கள்.

"அங்க தொட்டி புதுசாட்டம் பளபளன்னு இருந்துச்சு சித்தி. திறந்து நாலு வருஷம் ஆச்சாம். யாரும் வரையவே இல்ல."

சித்திக்குச் சுருக்கென்றது. ஓதம் ஏறிய சுவருக்கு வெள்ளையடித்து வீடு காட்டுகிறவள், அடுத்தவர் அடித்த வெள்ளையில் மயங்கிவிட்டாளே! அக்கா மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்கம்மா உன்ன இருபது வருஷம் முன்னாடியே பெத்திருக்கக் கூடாதாடி?" என்றாள். "எனக்கு மாப்பிள்ளை பாக்க உன்னையே அனுப்பியிருப்பேன்."